ஆறு சாயங்காலம் அளந்தேன்

எனக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்கிற வேலை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில், லைனில் உட்கார்ந்து போர்டு பூட்டுகிறவர்களுக்குப் பின்னால் நின்று, எந்த வேலைக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்வேன். எங்கே ஆள் சும்மா நிற்கிறார், எங்கே சாமான் தேங்குகிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சும்மாவை ஒழிப்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். லைனில் யாருக்கும் என்னைப் பிடிக்காது. நான் வருவதைப் பார்த்தால், தண்ணீர் குடிக்க எழுந்தவர்கூட மறுபடி உட்கார்ந்துவிடுவார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, பொய் சொல்வானேன்.

என் கணவருக்கு ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. நிரந்தரமாக நைட் ஷிப்ட். அவர் மண்ணூர்க்காரர். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து ஹாஸ்டலில் கிடந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு குன்றத்தூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். காலையில் நான் கம்பெனி பஸ் ஏறிப் போன பிறகு அவர் வீடு வந்து சேருவார். சாயங்காலம் ஏழு மணிக்கு நான் உள்ளே நுழைந்தால், எட்டேகாலுக்கு அவருடைய பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் தூங்குவார், மீதியைச் சொந்தக்காரர்களின் காதுகுத்தும் வளைகாப்பும் எடுத்துக்கொள்ளும். ஆகமொத்தம் எங்கள் குடும்ப வாழ்க்கை என்பது நாளுக்கு ஒண்ணேகால் மணி நேரம்தான். அதில் ஒரு நிமிஷம் வீணாவதும் எனக்குப் பொறுக்காது.

அந்த நேரத்தில் நாங்கள் லாரி ஓட்டினோம். அவரோடு வேலை பார்த்த ஒருவர் ரூமைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இறக்குகிற விளையாட்டு ஒன்று இருந்தது. ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டுகிற மனிதருக்கு வீட்டிலும் வண்டியா என்று கேலி செய்தேன். ஒரே வாரத்தில் நானும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நெடுஞ்சாலையில் அவர் ஓட்டுவார். வழி பார்ப்பதும், கடைசியில் ரிவர்ஸ் எடுத்து இறக்குமிடத்தில் நிறுத்துவதும் என் பொறுப்பு. மடியில் தோசைத் தட்டு இருக்கும்.

தீபாவளி போனஸ் வந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு பாகம் மாற்றலாம் என்று முடிவெடுத்தோம். ஒன்றே ஒன்று. எது என்பதில்தான் சண்டை. அவருக்கு கிராபிக்ஸ் கார்டு மேல் கண். லாரிக் கண்ணாடியில் மழைத்துளி வழிவதும், ஈரமான ரோட்டில் விளக்கு மின்னுவதும் புது கார்டு போட்டால் எப்படித் தெரியும் என்று போனில் வீடியோ வீடியோவாகக் காட்டினார். குன்றத்தூர் பஜாரில் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கேட்டோம். அந்த கார்டு போட்டால் இந்த பவர் சப்ளை தாங்காது என்றார். பவர் சப்ளையை மாற்றினால் பெட்டிக்குள் இடம் போதாது, எதற்கும் ராம் மெமரியும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார். பெண்ணை மட்டும் பார்க்க வந்தவர்கள் சீர்வரிசைப் பட்டியலை நீட்டியதுபோல் இருந்தது.

அளக்காமல் எதையும் மாற்றக் கூடாது என்று நான் அடித்துச் சொன்னேன். திங்கள் முதல் சனி வரை, ஆறு சாயங்காலம், ஸ்டாப்வாட்சும் நோட்டுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் விழிப்பதற்கு எவ்வளவு, விளையாட்டு திறப்பதற்கு எவ்வளவு, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும்போது காத்திருக்கச் சொல்லித் திரையில் வருகிற கோடு ஊர்ந்து முடிவதற்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதினேன். எழுபத்தைந்து நிமிஷத்தில் இருபத்தைந்து நிமிஷம் கோடு ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூன்றில் ஒரு பங்கு. குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க்.

அந்த இருபத்தைந்து நிமிஷமும் அவர் பேசிக்கொண்டிருந்தார் என்பதை நான் நோட்டில் எழுதவில்லை. அதற்கு எங்கள் கம்பெனிப் படிவத்தில் கட்டம் கிடையாது. எதிரே உட்காரவைத்து என்ன விஷயம் என்று கேட்டால் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் இருக்கிற மனிதர் அவர். கோடு ஊர ஆரம்பித்தால் மட்டும், அதைப் பார்த்தபடியே ஏதாவது சொல்வார். அம்மாவுக்கு முழங்கால் வலி மறுபடி வந்திருக்கிறது, தம்பி வாலாஜாபாத்தில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான், பகல் தூக்கத்தில் விழுகிற மாதிரி கனவு வருகிறது. நான் ‘ம்’ கொட்டியபடி ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை விரித்து, மேனேஜருக்குக் காட்டுவதுபோல் அவருக்குக் காட்டினேன். மழைத்துளியைப் பற்றி ஒரே ஒருமுறை மெதுவாக ஆரம்பித்தார்.

“மழ அழகாத் தெரியிறது இருக்கட்டுங்க. மொதல்ல வண்டி கெளம்பணும்லா?” என்றேன்.

கணக்கைக் காட்டிய பிறகு யார்தான் என்ன சொல்ல முடியும். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. வாங்கினோம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மெல்லிய தகடு, அவ்வளவுதான். கடைக்காரர் பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் அதற்கு மாற்றிக் கொடுத்தார். அன்றைக்கு சாயங்காலம் சுவிட்சைப் போட்டு நான் தட்டைக் கொண்டுவந்து வைப்பதற்குள் திரையில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. ஊர் மாறுவதற்குப் பதினொரு விநாடி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவள் நான் என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த முறை காலை எண்ணியும் காட்டிவிட்டேன்.

முன்பு ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு லோடு. இப்போது மூன்று. விளையாட்டில் எங்கள் கம்பெனி வளர்ந்தது. இரண்டாவது லாரி வாங்கினோம். நான்காவது லோடுக்கு முயற்சி செய்யலாம், ரிவர்ஸில் இன்னும் அரை நிமிஷம் குறைக்கலாம் என்று நான் காலில் வெந்நீர் கொட்டியதுபோல் பறந்தேன். அவரும் ஓட்டினார். முன்னைவிட நன்றாகவே ஓட்டினார். வலது, இடது, மெதுவாக, நிறுத்து என்பதைத் தவிர நாங்கள் வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. வேலை நன்றாக நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இப்படி ஒன்றரை மாதம் போனது. ஒரு நாள் வீடு திரும்பும்போது, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் எங்கள் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். அவள் கணவரும் அதே ஒரகடம் கிடங்கில்தான் வேலை பார்க்கிறார்.

“உங்க வூட்டுக்காரரு இப்போ எப்டிக்கா கீறாரு? மயக்கம் போட்டு வுழுந்தாராமே,” என்றாள்.

இப்போது பரவாயில்லை என்று சொன்னேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பாவம் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். சர்க்கரை ரொம்ப ஏறியிருந்ததாம், கம்பெனி டாக்டர் ஃபோர்க்லிஃப்டைத் தொடக் கூடாது என்றுவிட்டாராம், மூன்று வாரமாக அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்களாம். எல்லாம் தெரிந்தவள்போல் நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

அவள் இறங்கிய பிறகு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. யாரோ ஒருத்திக்குத் தெரிகிறது, கட்டினவளுக்குத் தெரியவில்லை. போனதும் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன். நான் அவ்வளவு வேற்று ஆளா, என் சம்பளம் வீட்டில் இல்லையா, எதற்குப் பயம். அப்போதுதான் டீ நினைவுக்கு வந்தது. தினமும் வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நான் நீட்டுகிற டீ. மூன்று வாரமாக அதை மறுக்காமல் வாங்கிக் குடித்திருக்கிறார்.

வீட்டில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியைக் கிளப்பி ஊர் எல்லையைத் தாண்டி, எனக்காக ஸ்டூலையும் எடுத்துப் போட்டு வைத்திருந்தார். நான் பையைக்கூட இறக்காமல் நின்றேன்.

“மயங்கி விழுந்தீகளாமே. எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவர் திரும்பவில்லை. பிரேக்கை மிதிப்பதற்கான விசையை அழுத்தினார். லாரி நடுரோட்டில் நின்றது. நான் அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொட்டினேன். என்னிடம் மூச்சு தீர்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

“சொல்லலாம்னுதாம்மா தெனம் ஒக்கார்றேன். ஒக்காந்தவொடனே வண்டி கெளம்பிடுது. நீ ரூட் சொல்ல ஆரம்பிச்சிர்ற. எப்போ சொல்றதுன்னு தெர்ல.”

லைனில் எத்தனை பேருக்குப் பின்னால் நின்று, எத்தனை பேருடைய சும்மாவை ஒழித்திருக்கிறேன் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தபோது அழுகை வந்தது. அழுதேன்.

திரையில் பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. சத்தத்தைக் குறைத்தேன். அவர் திரையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். விழுந்தது பெரிய விஷயம் இல்லையாம். மறுநாள் தன் ஃபோர்க்லிஃப்ட் சாவியை வேறு ஒருவர் கையில் கொடுத்ததைத்தான் பார்க்க முடியவில்லையாம். மாத்திரையை டிபன் பைக்குள் வைத்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துவிட்டுத்தான் வண்டி தருவதா இல்லையா என்று சொல்வார்கள்.

“அங்க ஓட்ட வுட மாட்டேன்றாங்க. இங்க மட்டுந்தான் ஓட்டிக்கினு கீறேன்,” என்றார்.

அந்த லாரி அசையாமல் நின்றது. பேசிக்கொண்டே இருந்தார். சுவர்க் கடிகாரத்தில் எட்டு தாண்டியதைப் பார்த்தேன், சொல்லவில்லை. கடைசியில் அவர் ஓய்ந்தபோது, இன்னும் ஏதாவது என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

“நெறைய கீது,” என்றார்.

தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை.