மாப்பிள்ளை என்ன குடிப்பார்?

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, முட்டை கொண்டுபோய்க் கொடுப்பது அப்பாவின் தொழில். அதற்கு வேண்டிய இங்கிலீஷ் அவரிடம் இருந்தது: ரைஸ் சார், ஆனியன் சார், டுமாரோ சார். அதற்கு மேல் தேவைப்பட்டால் நான். இங்கிலீஷ் மீடியத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குத் தெரியாத இங்கிலீஷே இருக்க முடியாது என்பது எங்கள் வீட்டு முடிவு.

அந்த வருஷம் அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, மாப்பிள்ளையூரணியிலிருந்து ஒரு வரன் வந்தது. கப்பலில் எஞ்சினியர். பெண் பார்த்துப் போய், பூ வைக்க நாளும் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளை முன்பு வேலை பார்த்த கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வந்தது. அதன் வெள்ளைக்கார சீஃப் எஞ்சினியரிடம் விசாரித்துவிடலாம் என்று அப்பா அவரை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்.

சீலா மீன் குழம்பில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தவரிடம், பையன் எப்படி என்று கேட்கச் சொன்னார் அப்பா. கேட்டேன். நல்ல வேலைக்காரர் என்றார் அவர். இலையில் கிடந்த முள்ளை ஓரமாக ஒதுக்கினார். பிறகு மெதுவாக, “பட் ஹி இஸ் சம்திங் ஆஃப் எ டிரிங்கர்” என்றார்.

சம்திங் என்றால் ஏதோ. டிரிங்கர் என்றால் குடிக்கிறவர்.

“ஏதோ குடிப்பாராம்ப்பா.”

“என்னத்தக் குடிப்பாராம்? காப்பியா, டீயா? கேளு.”

கேட்டேன். அவர் இலையைவிட்டுத் தலையைத் தூக்காமல், “எனிதிங், ரியலி” என்றார்.

“எதுன்னாலும் குடிப்பாராம்.”

அப்பாவுக்குப் பரம திருப்தி. “எதக் குடுத்தாலும் கொறை சொல்லாமக் குடிப்பாராம்” என்று அடுக்களையில் இருந்த அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

விருந்தாளி போனதும் அத்தை வெளியே வந்தாள். “அண்ணே, ஒரு காப்பியப் பத்திச் சொல்லவா அந்த மனுசன் அவ்வளவு நேரம் எலையவே பாத்துக்கிட்டு இருந்தாரு?”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். அந்தக் கப்பலில் நம் ஊர்ச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். மாப்பிள்ளை காலையிலேயே நிதானத்தில் இருக்க மாட்டார் என்றும், அதனால்தான் அவரைக் கப்பலை விட்டு இறக்கினார்கள் என்றும் அவர் பச்சையாகச் சொல்லிவிட்டார். சம்பந்தம் அத்தோடு நின்றது.

அப்பாவின் கோபம் மாப்பிள்ளை மேல் இல்லை. “குடிகாரன்னு ஒத்த வார்த்தை. அதச் சொல்ல அந்த ஆளுக்கு நாக்கு சுளுக்கிக்கிடுமா? ஏளா, நீயும் இத்தன வருசம் படிச்சு என்னத்தக் கிழிச்ச?” நான் அகராதியைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினேன். சம்திங் என்றால் ஏதோ என்றுதான் அதிலும் போட்டிருந்தது. அதற்கும் திட்டு விழுந்தது. இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ‘சம்திங் ஆஃப் எ ப்ராப்ளம்’ என்று எழுதுகிறார்கள். காரியம் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். படிக்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது.

அன்று சாயங்காலம், நல்லவேளை தப்பித்தோம் என்று வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை கொல்லையில் பாத்திரம் துலக்கினாள். என்னைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அந்தப் பெரியவரு வேற எதும் சொன்னாரா? ஏதோ நல்லதா?”

“எத்தன தடவ கேப்பீங்க எல்லாரும்? வேற ஒண்ணும் சொல்லல.”

அவள் தலையாட்டிவிட்டு, துலக்கிக் கவிழ்த்திருந்த குண்டானை எடுத்து மறுபடியும் துலக்க ஆரம்பித்தாள். தப்பித்தவளுக்கு இனி அவரைப் பற்றி என்ன விசாரணை என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.