மஞ்சள் தண்ணீர் ஊற்றிய வேன்

எங்கள் வேன் எங்களிடம் வருவதற்கு முன் இரண்டு குடும்பங்களிடம் இருந்திருக்கிறது. அவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. பின்கண்ணாடியில் யாரோ ஒட்டிய பிள்ளைகளின் பெயர்களில் பாதி எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. சின்ன வேன்தான். டிரைவரோடு சேர்த்து எட்டுப் பேர் போகலாம் என்று விற்றவர் சொன்னார். அவர் மலையில் வண்டி ஓட்டியதில்லை போலிருக்கிறது. எங்கள் ஊர்க் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு பேரும் ஒரு கிடாவும் அதில் போயிருக்கிறார்கள்.

இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. மலையடிவாரத்து ஒடுகத்தூரில் ஏறி உட்கார்ந்தால் மலைமேல் வந்து சேர்வதற்குள் தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். பாதி ஏற்றத்தில் வண்டியை ஓரங்கட்டி, எல்லோரையும் இறக்கிவிட்டு, சீட்டைத் தூக்கி வைத்து ஆறவிட வேண்டும். என் வீட்டுக்காரர் அப்போது பீடி பற்றவைத்துக்கொண்டு, "அதுக்கும் மூச்சு வாங்கும் இல்ல" என்பார். எனக்கு மூச்சு வாங்குகிறதா என்று இத்தனை வருடத்தில் ஒரு நாள் கேட்டதில்லை அந்த மனுசன். பக்கத்துக் கதவு இழுத்துச் சாத்துகிற கதவு. சும்மா இழுத்தால் வராது. கொஞ்சம் மேலே தூக்கி, அப்புறம் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இது தெரியாத சொந்தக்காரர்கள் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வேன் வாங்கியது என் மகளுக்காக. அவளைச் செங்கம் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. தலைப்பிரசவம் நம் வீட்டில்தானே? எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் கீழேயிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி ஏறி வர வேண்டும். என் மகளே மலை இறங்குகிற வழியில் ஒரு ஜீப்புக்குள்தான் பிறந்தாள். அன்றைக்கு நானும் அவளும் பிழைத்தது எப்படியென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்த அன்றே, வாசலில் சொந்தமாக ஒரு வண்டி நிற்காமல் இவளை இங்கே கூட்டி வரக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். அந்த வருடம் புளி நன்றாகக் காய்த்தது. வேன் வந்துவிட்டது.

வந்ததும்தான் தெரிந்தது, மலையில் வண்டி வைத்திருப்பவனுக்கு வண்டி சொந்தமில்லை என்பது. வழியில் யார் கை காட்டினாலும் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் போனால் அடுத்த தலைமுறை வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். சாமை மூட்டை ஏறும், ரேஷன் அரிசி ஏறும், காய்ச்சல்காரப் பிள்ளைகள் ஏறும். "இது நம்ம வண்டியா, கெவுருமெண்டு வண்டியா?" என்று கத்துவேன். கத்திவிட்டு நானே நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுவேன்.

மகள் வந்து சேர்ந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு நாள் இருந்தது. அதற்குச் சில நாள் முன்னால் ஒடுகத்தூரில் என் தம்பி வீட்டில் போய்த் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுக்காரர் வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

என் வீட்டுக்காரரும் அவரும் ஒன்றாக மாடு மேய்த்தவர்கள். உடம்பை ஆஸ்பத்திரி வண்டியிலேயே மலைமேல் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் தார்ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற மண்பாதையில் சிறுபாலம் கட்டுகிறோம் என்று பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். பெரிய வண்டி அதைத் தாண்டாது. ஓரத்தில் எங்கள் வேன் மட்டும் நுழைந்து வரலாம். அவருடைய மகன் வந்து எங்கள் வாசலில் நின்றான். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன்தான், அன்றைக்கு வேனைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தான். எப்படிக் கேட்பான்? பிணம் ஏறிய வண்டியில் பிள்ளைத்தாய்ச்சி ஏறக்கூடாது என்பது அவனுக்கும் தெரியும். உள்ளே என் மகள் நிறைமாதமாக இருப்பதும் தெரியும். ஆட்களைக் கூட்டித் தோளில் தூக்கிக்கொண்டும் வரலாம்தான், முன்பெல்லாம் அப்படித்தான் வந்தார்கள். ஆனால் மழை விடாமல் பெய்கிறது, பாதையெல்லாம் சேறு. எங்கள் வாசலில் ஒரு வேன் சும்மா நிற்கிறது.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. செத்தவர் மேல்கூட வந்தது. இன்னும் ஒரு மாதம் தாங்கியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து மகள்தான் பேசினாள். "போய் மாமாவ இட்டுனு வாங்கப்பா. இதுக்கு இன்னா யோசன?"

"நீ சும்மா கெட. உன் மாமியா காதுல வுழுந்தா இன்னா ஆவும்னு தெரியுமா?"

"அவங்களா பெத்துக்கப் போறாங்க? நான்தானே."

பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்காரரும் அந்தப் பையனும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைத்தாய்ச்சி பார்க்கக்கூடாது என்று நான் மகளோடு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. அப்புறம் செத்தவரின் மனைவி, அந்த வீட்டு அக்காவின் அழுகை கேட்டது.

மலையில் போனுக்கு டவர் எடுப்பதே கஷ்டம். ஆனால் இந்த மாதிரிச் சேதி எப்படியோ செங்கம் வரைக்கும் போய்விடும். மூன்றாம் நாள் காலையில் நான் குடத்தோடு தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குப் போயிருந்தபோது சம்பந்தியம்மா போன் செய்தார்.

"உங்க மனசு பெரிய மனசுதாங்க, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த வண்டில என் மருமவ ஏறக்கூடாது. சொல்லிட்டேன்."

வேறு எந்த வண்டி இருக்கிறது இங்கே? வேறு வண்டி இருந்தால் நான் ஏன் இதை வாங்குகிறேன்? அதையெல்லாம் அவரிடம் கேட்கவில்லை, வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் நிலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடி இதுல யாரு யாரு போனாங்களோ, எத்தினி பேரு மூச்சு இதுல நின்னுச்சோ" என்றார். "நமக்குத் தெரியுமா? தெரியாத வரைக்கும் ஒண்ணும் ஆவல இல்ல."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஜீப் ஞாபகம். எதையாவது செய்யாமல் என்னால் உட்கார முடியவில்லை. அவர் போனதும் அண்டா நிறையத் தண்ணீர் எடுத்து, மஞ்சளை அள்ளிக் கொட்டி, வேப்பிலை போட்டுக் கலக்கினேன். வேனுக்குத் தீட்டுக் கழிக்க ஆரம்பித்தேன். மேலே ஊற்றினேன், உள்ளே ஊற்றினேன். பின்பக்கம் முழுக்க மிதக்கிற அளவுக்கு ஊற்றினேன். பிணத்தோடு ஓட்டிக்கொண்டு வந்தது முன்சீட்டில் உட்கார்ந்துதானே என்று தோன்றியது. அந்தச் சீட்டையும் தூக்கி அடியில் இரண்டு குடம் கொட்டினேன். சூடம் காட்டினேன், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். எதிர்வீட்டுத் திறந்த கதவுக்குள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சாவைத்தான் நான் குடம் குடமாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது என் புத்தியில் ஏறவே இல்லை. என் புத்தியெல்லாம் என் மகள் மேலேயே இருந்தது.

பொழுது உச்சிக்கு வருவதற்குள் மகள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். பனிக்குடம் உடைந்திருந்தது.

வீட்டுக்காரர் நிலத்திலிருந்து ஓடி வந்தார். பின்சீட்டை மாட்டி மகளைப் படுக்க வைத்தோம். அவளுக்கு வேறு வண்டி பற்றி ஒரு யோசனையும் இல்லை, எனக்கும் இல்லை. அவர் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. திரும்பவும் திருப்பினார், இருமியது. கீழே இறங்கிச் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். இஞ்சின்மேல் மஞ்சள் தண்ணீர் குட்டை கட்டி நின்றது. வேப்பிலை மிதந்தது.

என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் முந்தானையை வாங்கி ஒயர்களைத் துடைத்தார். பிளக்கைக் கழற்றி ஊதினார். அப்படியும் எடுக்கவில்லை. "தள்ளணும்" என்றார். எங்கள் வாசலிலிருந்து தண்ணீர்த்தொட்டி வரை மேடு, அதைத் தாண்டினால் நல்ல இறக்கம். மேட்டைத் தாண்டிவிட்டால் வண்டி ஓடுகிற வேகத்தில் ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் அந்த மேட்டில் நான் ஒருத்தி தள்ளி வண்டி போகுமா? ஊரில் ஆம்பிளைகள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். காரியம் முடியாததால் வேலைக்குப் போகாமல் இருந்தவர்கள் எதிர்வீட்டு ஆம்பிளைகள் மட்டும்தான்.

அவர்கள் வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். செத்தவரின் மகன் முன்னால் நின்றான். என் மகள் கத்துகிற ஒவ்வொரு கத்தலுக்கும் அவன் உடம்பு முன்னால் வந்தது. ஆனால் வாசலைத் தாண்டவில்லை. கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

"இன்னாடா பாத்துனு நிக்கற? வாடா" என்றேன்.

"தொடலாமா அத்த?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவன் உண்மையாகவே கேட்டான். காலையில் நான் அத்தனை குடம் ஊற்றியதைப் பார்த்தவன், தன் கை பட்டால் என் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து கேட்டான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்து வேனின் பின்பக்கம் வைத்தேன். அவன் சித்தப்பன், மச்சான் எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். உள்ளேயிருந்து அந்த அக்காவின் குரல், "தம் கட்டித் தள்ளுங்கடா" என்றது.

நான் வேனுக்குள் மகள் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். மேட்டில் இரண்டு முறை பின்னால் வழுக்கியது. மூன்றாம் முறை தொட்டியைத் தாண்டி இறக்கத்தில் உருண்டது. இஞ்சின் ஒரு உதறு உதறி எடுத்துக்கொண்டது. கொண்டை ஊசி வளைவுகளில் அவள் தலையை என் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுடி, கொஞ்சம் பொறுடி" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பொறுத்தாள். ஒடுகத்தூர் ஆஸ்பத்திரியில், கட்டில்மேல், நர்சம்மா கையில் என் பேத்தி பிறந்தாள்.

சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்களா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "எந்த வண்டில வந்தீங்க?" என்றார்.

"அதே வண்டிதாங்க. ஸ்டார்ட் ஆவல. எதிர்வூட்டுக்காரங்கதான் மேடு தாண்டித் தள்ளி வுட்டாங்க. அந்தப் பையன், அவங்க சித்தப்பா எல்லாரும்."

சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னேன்.

"அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா, கொழந்த பொறந்திருச்சின்னு?"

"இன்னும் இல்லீங்க."

"எனக்கு முன்னாடி அவங்களுக்கு இல்ல சொல்லணும்? வைங்க, வைங்க. போன் போடுங்க மொதல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாவு வீட்டுக்குப் பிறந்த சேதி சொல்லலாமா என்று ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. அவன் நம்பரைத் தேடி அழுத்தினேன். ஒரு ரிங் முழுதாகப் போகவில்லை, எடுத்துவிட்டான். எங்கள் ஊரில் டவர் கிடைப்பது தண்ணீர்த்தொட்டி மேட்டில் மட்டும்தான். நாங்கள் இறங்கிப்போனதிலிருந்து அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறான்.