அக்கா போர்த்திவிட்ட பியர்

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸ் லா ஷப்பலில் அக்கா வீட்டில் தங்கி, உணவுத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் முதல் பிள்ளைக்கு ஜனவரி மாத ஞாயிறொன்றில் ஞானஸ்நானம். விருந்துக்கு என் கைப்பட வடித்த பியர்தான் என்று அத்தான் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். வேறு குடிவகை எதுவும் வாங்கவில்லை.

அத்தானுக்கு ஒரு பாரில் கோப்பை கழுவும் வேலை. அந்த முதலாளி பழைய பீப்பா ஒன்றும் சோடாவுக்கு அடிக்கிற காஸ் சிலிண்டரும் கொடுத்திருந்தார். பியர் நன்றாகவே புளித்து அடங்கியிருந்தது. ஆனால் நுரை இல்லை. ஆறிப்போன தேத்தண்ணீர் மாதிரிக் கிடந்தது. அதற்குக் காஸ் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. வீட்டில் யாரும் முன்பு செய்ததில்லை, நானும்தான்.

பாரிஸ் புறநகரான பொபினியில் இருந்த அத்தானின் தமையன் இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தார்.

“பொம்பிளைப் பிள்ளை காஸ் அடிச்சு நாங்கள் குடிக்கிறதோ? வரேக்கை நாலு போத்தில் வாங்கிக்கொண்டு வரட்டோ?”

“தேவையில்லை அண்ணை. என்ரை மச்சாள் படிச்சவள்,” என்றார் அத்தான்.

ஆக, அவருடைய மானமும் என் படிப்பும் ஒரே பீப்பாவுக்குள் இருந்தன.

வேலைகளை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன். முதலில் இணைப்புகளில் சவர்க்கார நீர் தடவிக் கசிவு பார்த்தேன். அடுத்தது குளிர்: பீப்பாவை பல்கனியில் வைத்தேன். கடைசியாகக் காஸைத் திறந்து, அமுக்கத்தை அளவாக வைத்துவிட்டு, சில நாட்கள் தொடாமல் விட்டேன். விருந்துக்கு முதல்நாள் பலகாரம் செய்ய ஒரு தோழி வீட்டில் தங்கினேன். மறுநாள் அங்கிருந்தே நேராகக் கோயிலுக்குப் போனேன்.

ஞானஸ்நானம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். நான் குசினியில் பலகாரப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது அறைக்குள் ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவரோரம் இருந்த சூடாக்கியோடு ஒட்டி, கம்பளிப் போர்வைக்குள் நின்றது பீப்பா. அத்தானின் புதுச் சட்டை முழுக்க நுரை. கையிலிருந்த கிளாசிலும் நுரைதான். அது அடங்கியதும் அடியில் கொஞ்சம் பியர், உயிரில்லாமல்.

“ஞானஸ்நானம் பிள்ளைக்கோ, உனக்கோடா?” என்று தமையன் கேட்க, அறையே சிரித்தது.

அத்தான் அக்காவின் பக்கம் திரும்பினார். “உந்தப் பீப்பாவை ஆரப்பா உள்ளுக்கை கொண்டுவந்தது?”

“நான்தான். நேற்றுப் பின்னேரம் பனி கொட்டத் தொடங்கினது. அப்பத்துக்குக் கரைச்ச மா சூட்டிலைதானே பொங்கும்? இதுவும் அப்பிடித்தான் எண்டு போர்த்திவிட்டனான்,” என்றாள் அக்கா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், எனக்குப் பதற்றமே வரவில்லை. சூட்டில் பியர் காஸை வெளியே விட்டுவிட்டது, அவ்வளவுதான். விட்டதைத் திரும்பப் பிடிக்க வைக்கலாம்.

“அத்தான், பைப்பைப் பூட்டுங்கோ. அக்காவோடை கத்தாதேங்கோ. மாவுக்கு அவ செய்தது சரி. பியர் குளிரேக்கைதான் காஸைப் பிடிச்சு வைச்சிருக்கும்.”

குளியல் தொட்டியில் குளிர்தண்ணீர் நிரப்பச் சொன்னேன். ஒருவர் பல்கனிப் பனியை வாளியில் அள்ளி வந்தார். இன்னொருவர் கீழே கஃபேயில் ஐஸ் கேட்டு வாங்கி வந்தார். பீப்பாவைத் தொட்டிக்குள் இறக்கி, காஸ் குழாயைப் பார்த்துச் சரிசெய்து, காஸைத் திறந்துவிட்டு, தமையனிடம் திரும்பினேன்.

“அண்ணை, சட்டைக்கையை மடிச்சுப்போட்டு ஆட்டுங்கோ.”

“எதை?”

“பீப்பாவை. தொட்டில் ஆட்டுற மாதிரி. நிப்பாட்டாதேங்கோ.”

என்னை ஒருகணம் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டார். அவர் ஆட்ட ஆட்ட, குழாயில் காஸ் ஓடும் ‘உஸ்’ சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கும்வரை பியர் காஸைக் குடிக்கிறது, அடங்கினால் வயிறு நிறைந்துவிட்டது என்று விளக்கினேன். அதன்பின் குளியலறை வாசலில் ஆண்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள். யாரோ ஆராரோ பாடத் தொடங்க, உண்மையான குழந்தை அக்காவின் தோளில் விழித்துக்கொண்டது.

பெண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் ‘உஸ்’ சத்தம் அடங்கியது. சற்று அசையாமல் விட்டு, கிளாசைச் சரித்துப் பிடித்து மெதுவாக வார்த்தேன். மேலே வெள்ளையாக நுரை நின்றது. கீழிருந்து குமிழிகள் ஏறிக்கொண்டேயிருந்தன. நான் குடிப்பதில்லை; எனக்கு அந்தக் குமிழிகளே போதுமாயிருந்தன.

தமையன் ஒரே மூச்சில் குடித்தார். பாராட்டு ஒன்றும் இல்லை. கிளாசை மட்டும் நீட்டினார்.

“இன்னொருக்கால் விடு, பிள்ளை.”

அக்காவும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். “சீ, பாவக்காய் மாதிரிக் கைக்குது! இதுக்கோ இவ்வளவு கூத்து?”

இப்போது நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் என்னைவிட மூத்தவர்களுக்கும் வேலை சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்ததைச் சொல்லக் குரலை உயர்த்தவும் வேண்டாம், தயங்கவும் வேண்டாம், சரியாகச் சொன்னால் ஆட்கள் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு அந்தக் குளியலறையில்தான் வந்தது.