பழக்கத்துக்கு ஓட்டிய விமானம்

எங்கள் வீட்டுக்காரர் விமானத்தில் ஏறியதில்லை. பக்கத்தில் நின்று பார்த்ததும் இல்லை. ஆனால் எந்த விமானத்தை எந்த ஊருக்கு விடுகிறார்கள் என்று அந்த எழுபதுகளில் மாரண்டஹள்ளிப் பக்கம் அவர் அளவுக்குப் பேசிய ஆள் கிடையாது. பேசட்டும் என்று விட்டிருந்தேன். ஆம்பளைகள் எதையாவது பேசிக்கொண்டுதானே இருப்பார்கள். அது சத்தியம் பண்ணுகிற வரைக்கும் போகும் என்று யார் கண்டது?

தர்மபுரியில் காய்கறி மண்டி வைத்திருந்த பாய்தான் அந்தப் பேச்சைக் கொண்டுவந்தார். எங்கள் கத்திரிக்காயையும் மிளகாயையும் பல வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தவர். நல்ல மனுஷர். ஊரில் எல்லோரையும் திட்டியிருக்கிறேன், அவரைத் திட்ட இன்றைக்கும் வாய் வரவில்லை. மெட்ராஸ் வழியாகக் கொஞ்சம் காயை சிங்கப்பூருக்கு விமானத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த லைனில் ஓடியது சின்ன விமானம். ஆட்களும் அவர்கள் பெட்டிகளும் போக அதன் வயிற்றில் மிச்சம் இருக்கிற இடத்தில் நாலைந்து கூடை ஏறினால் அதிகம்.

ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பு மேலேயே வேகமாக வந்தார். செருப்பெல்லாம் சேறு.

"தம்பி, கம்பெனிக்காரங்க ரொம்பத் தூரம் பறக்கற பெரிய ப்ளேன் புதுசா வாங்கியிருக்காங்க. அதை நம்ம சிங்கப்பூர் லைன்ல வுட்டுட்டாங்க. அது வயித்துல ஒரு லாரிக் காய் அப்புடியே போவும். வெண்டை போடுங்க. எவ்ளோ இருந்தாலும் எடுத்துக்கறேன்."

நான் சும்மா இருக்கவில்லை. "புது பஸ்ஸு வந்தா மொதல்ல பெங்களூர் லைனுக்குத்தானுங்க வுடறாங்க. ஓடி ஓடித் தேஞ்சதைத்தான் பென்னாகரத்துக்குத் தள்ளறாங்க. ப்ளேன்ல மட்டும் எப்புடிங்க புதுசை நம்ம பக்கம் வுடுவாங்க?" என்று கேட்டேன்.

பாய் சிரித்தார். "தங்கச்சி வெவரந்தான். ஆனா நான் மெட்ராஸ்ல என் கண்ணால பாத்துட்டு வரேன்மா. எங்கூடை அதுல ஏறுச்சு."

அது பொய்யில்லை. பார்த்தார், கூடையும் ஏறியது. எத்தனை நாளைக்கு அது அந்த லைனில் ஓடும் என்று மட்டும் அவர் அங்கே கேட்கவில்லை. நாங்களும் அவரைக் கேட்கவில்லை.

லாரி நிறைய வேண்டுமென்றால் எங்கள் ஒரு காட்டு விளைச்சல் போதாது. வீட்டுக்காரர் ஊர் முழுக்க நடந்தார். எல்லோரும் கேழ்வரகு நடக் காத்திருந்த சமயம். சாப்பாட்டுக்கான நிலத்தில் வெண்டை போடச் சொன்னால் யார் கேட்பார்கள்? அவருடைய மூத்த பங்காளி ஒருவர், ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள், வாசலுக்கே வந்து கேட்டார்.

"காய் வந்தப்புறம் ப்ளேன் இல்லன்னா யாரு சட்டையைப் புடிக்கறது? மாரியம்மன் கோயில்ல கற்பூரத்தை அணைச்சுச் சொல்லு. ஊரே போடறோம்."

எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சில்லை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒரு வார்த்தை சொன்னால் அது சத்தியம். பொய்யாகிப் போனால் சொன்னவன் வீட்டுப் பிள்ளையின் மேல் விழும் என்பார்கள். எங்கள் பையன் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தான்.

"எதுக்குங்க கைய வெக்கறீங்க? ப்ளேனு என்ன உங்கப்பா வூட்டு மாட்டு வண்டியா?" என்று கத்தினேன். கோயில் வாசலில், எல்லோர் முன்னாலும்.

"பாய் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றாரு. சும்மா இருடி" என்றார். "காய் வர்றப்ப ப்ளேன் இருக்கும், சத்தியம்" என்று கற்பூரத்தைப் படீரென்று அடித்து அணைத்தார். கரி பிடித்த உள்ளங்கையைப் பையனிடம் காட்டிச் சிரித்தார்.

வெண்டை நன்றாகத்தான் வந்தது. கிழக்குப் பக்கம் முழுக்க மஞ்சள் பூ. பிஞ்சு விடுகிற நேரத்தில் பாய் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை வேகம் இல்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டும் சொம்பைக் கீழே வைக்கவில்லை.

"தம்பி, அந்த ப்ளேனை லண்டன் லைனுக்கு மாத்திட்டாங்க."

விவரத்தையும் பாயே சொன்னார். அதை வாங்கினதே லண்டனுக்காம். ஓட்டுகிறவர்களுக்கும் உள்ளே வேலை செய்கிறவர்களுக்கும் கை பழகும் வரைக்கும் கிட்டத்து ஊருக்கு விட்டுப் பார்ப்பார்களாம். பழகியதும் தூர தேசத்துக்கு எடுத்துக்கொள்வார்களாம். எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தானாம். இப்போது சிங்கப்பூருக்குப் பழைய சின்ன விமானமே ஓடுகிறது.

அப்போது எங்கள் கொட்டகையில் ஒரு புதுக் காளை நின்றது. அதை நேராகப் பார வண்டியிலா பூட்டினோம்? காலி வண்டியில் பூட்டி, ஊரைச் சுற்றி ஓட்டித்தான் பழக்கிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க அதைச் செய்தவர். வேறு யாராவது ஏமாந்தால் சரி, இவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அந்தக் காளையைப் பார்த்துக்கொண்டே, "காலி வண்டி ஓட்டியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

வெண்டைக்காய் யாருக்கும் காத்திருக்காது. ஒரு நாள் விட்டால் முற்றிவிடும். மெட்ராஸுக்கு அனுப்ப முடிந்ததைப் பாய் அனுப்பினார். பாலக்கோடு சந்தையில் எல்லோரும் வெண்டையைக் கொட்டிவிட்டு எல்லோரும் வெண்டையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாடுகளுக்குப் போட்டோம். பிறகு மாடுகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. நான் பறித்துக்கொண்டே இருந்தேன். எதற்கென்று தெரியவில்லை. சுணை பட்டுக் கை அரித்தது. அந்த அரிப்பு ஒன்றுதான் எனக்கு உறைத்தது, மற்றதெல்லாம் யாருக்கோ நடப்பது மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை.

ஊரார் சண்டைக்கு வருவார்கள் என்று தயாராக இருந்தேன். வரட்டும், வாயில் வந்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்கலாம் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை. பங்காளி வந்தார். வெண்டையைப் பற்றிப் பேசவே இல்லை. பையன் தலையைத் தடவினார், போய்விட்டார். பெண்கள் முறுக்கும் வாழைப்பழமும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே கண் கலங்கினார்கள். முதலில் பாசம் என்றுதான் நினைத்தேன், பாவி. அப்புறம்தான் புரிந்தது. சத்தியம் பொய்யாகிவிட்டது, இனி இந்தப் பிள்ளைக்கு எப்போது என்ன ஆகுமோ என்று ஊரே காத்திருந்தது.

"எம் புள்ளைக்கு என்னாடி ஆச்சு? எதுக்குடி இப்புடிப் பாக்கறீங்க?" என்று தெருவில் நின்று கத்தினேன். நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுகிற தெரு அது. அன்றைக்கு ஒவ்வொருத்தியும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்காரர் பையனைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். முதலில் வலது கையால் தொடமாட்டார். பிறகு எந்தக் கையாலும் தொடவில்லை. காலைக் கட்டிக்கொள்ள ஓடிவருவான். இவர் மெல்ல விலகிக் காட்டுக்குப் போய்விடுவார். பையன் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

பாய் ஊர்ப் பெரியவர்களிடம் வந்து, "சொன்னது நாந்தானுங்க. குத்தம் எம் மேலதான்" என்று கையைக் கூப்பினார். "நீங்க கற்பூரத்துல கை வெக்கலீங்களே பாய்" என்றார் பங்காளி. கோபமாகச் சொல்லவில்லை. பூசாரி சொன்னபடி பொங்கல் வைத்தோம், கிடா வெட்டினோம். அம்மன் மனசு ஆறிவிட்டது என்று பூசாரி சொன்னார். இவர் மனசு ஆறவில்லை.

மழை விட்ட சமயம் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்த காய்ச்சல்தான். காலையில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். இவர் ஒரு பையில் வேட்டியைத் திணித்துக்கொண்டு ஓசூர் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார்.

"எங்கிங்க?"

"நான் இந்த வூட்ல இருக்கறதாலதான் அந்தச் சத்தியம் இங்க தேடி வருது. நான் போயிட்டா புள்ளைய வுட்ரும்."

பிடித்து இழுத்தேன். சட்டைப் பொத்தான் என் கையோடு வந்தது. அவர் போய்விட்டார். சாயங்காலமே காய்ச்சல் விட்டுவிட்டது. அது விடாமல் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால், தான் போனதில் பலனில்லை என்று தெரிந்து திரும்பி வந்திருப்பாரே என்று நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது? ஆனால் நினைத்தேன். காய்ச்சல் விட்ட சேதியை மறுநாளே பஸ் கண்டக்டர் ஓசூரில் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

அங்கே ஒரு குடோனில் மூட்டை தூக்கினார். மாசா மாசம் யாரிடமாவது எங்களுக்குக் கொடுத்தனுப்புவார், அதில் குறை வைக்கவில்லை. பொங்கலுக்கு வருவார் என்று பார்த்தேன், வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. பையனுக்குப் புதுச் சட்டை போட்டு, நானே கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் லாரி ஓரத்தில் அவரைப் பார்த்துவிட்டேன். தோளில் சாக்குத் துணி.

"அங்கியே நில்லு! கிட்டக் கூட்டியாராதே!" என்றார். லாரிக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டார்.

வெட்கம் என்ன வேண்டிக் கிடக்கிறது? நானும் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "நல்லாப் பாருங்க! கல்லு மாதிரி இருக்கான்! ஒரு குறையும் இல்ல! பேசாம வூட்டுக்கு வாங்க!"

அவர் பையனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வெண்டை போட்ட காலத்துக்கு அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அதத்தான் நானும் சொல்றேன். நல்லா இருக்கான் பாத்தியா?" என்றார்.

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டோம். பையன் நன்றாக வளர்ந்தான். பள்ளிக்கூடம் போனான், என் உயரத்தைத் தாண்டினான். ஒவ்வொரு வருஷமும் அவன் நன்றாக இருக்க இருக்க, அவர் வராமல் இருந்தது சரி என்றே ஆகிக்கொண்டிருந்தது.