கண்டல் காட்டுக்கு ஓர் அழைப்பு

கொழும்புத்துறைக் கரையில், சேற்றில் வளரும் கண்டல் காட்டைப் பாதுகாக்கும் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊராருக்கு இலவசமாகக் காட்டைச் சுற்றிக்காட்டுவது என்னுடைய யோசனை. சந்தியில் நோட்டீஸ் ஒட்டினேன், முகநூலிலும் போட்டேன். ஒருவரும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் அதே கதைதான். இலவசம் என்றால் மதிப்பில்லை என்று எரிச்சல்பட்டேன்.

எதிர்வீட்டு மணி அக்காவிடம் கேட்டேவிட்டேன். "ஏனக்கா, நீங்கள்கூட வரேல்லை?"

"நீர் வந்து சொல்லேல்லையே பிள்ளை. சொல்லாத இடத்துக்கு எப்பிடி வாறது?"

நானும் இந்த ஊர்க்காரிதான். கல்யாணவீடோ சாமத்தியவீடோ, வீட்டுக்கு வந்து சொல்லாவிட்டால் நானே போகமாட்டேன். அன்றைக்கே சைக்கிளை எடுத்தேன். ஒவ்வொரு படலையாகத் திறந்து, "ஞாயிறு காலமை காடு பாக்கக் குடும்பமா வந்திடுங்கோ" என்று முறைப்படி சொன்னேன்.

வந்தார்கள். நிலையத்து முற்றம் கொள்ளவில்லை. முறையாக அழைத்ததால் பெண்கள் பட்டுச் சேலையிலும் ஆண்கள் வேட்டியிலும் நின்றார்கள். சேறாக இருக்கும் என்று சொல்ல எனக்கு நினைவே வரவில்லை. மணி அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்று மரத்துக்காகச் சுவாசிக்கும் வேர்களை நான் காட்டியபோது, தினமும் கடந்துபோன காட்டை அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள்.

எல்லோரும் புறப்படும்போது, "அடுத்த கிழமையும் வந்து சொல்லுறன் அக்கா" என்றேன்.

காலைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னார். "பிறத்தி ஆக்களுக்கெல்லோ சொல்லுறது. இது எங்கடை காடு."

அதன்பிறகு நான் யாருக்கும் சொல்லப் போனதில்லை. பழைய உடுப்போடு, அழைக்காமலே வருகிறார்கள். இந்த வேலை கிடைத்த நாளில்கூட எனக்கு இவ்வளவு பெருமை இருந்ததில்லை.