வரப்பில் நின்ற சைக்கிள்

ஆரோக்கியராஜின் அம்மா படுக்கையில் கிடந்த வருடம், விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கும். மரக்காணத்தில் அது சின்ன விஷயம் இல்லை. அடிபம்பில் வருவது வாயில் வைக்க முடியாத கரிப்பு. நல்ல தண்ணீருக்குப் பிரம்மதேசம் பக்கம் போகவேண்டும். மாதாதான் யாரையோ அனுப்புகிறாள் என்று ஆரோக்கியராஜ் நினைத்துக்கொண்டார். நாலு மாதம் கழித்து ஒரு நாள் முன்னதாக எழுந்து பார்த்தபோதுதான், உப்பளத்தில் உப்பு வாரும் மண்ணாங்கட்டி குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவது தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்டதற்கு, "போற வழிதானேண்ணா" என்றான். பிரம்மதேசம் அவன் போகிற வழியே இல்லை.

அப்படிப்பட்டவன்தான் ஒரே ஒரு ஆளின் கால் சேற்றில் படுவதைப் பார்க்கவேண்டும் என்று இரண்டு வருடம் வெறியோடு இருந்தான்.

அந்த ஆள் தட்சணாமூர்த்தி மேஸ்திரி. பொங்கலுக்கு ஊரில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி வைப்பார்கள். கடைசியாக வருகிறவனுக்குப் பரிசு, கால் ஊன்றினால் அவுட். எட்டு வருடம் எவர்சில்வர் அண்டாவை வாங்கியது மேஸ்திரிதான். அளத்திலும் அப்படியே. பாத்தியில் நின்று வேலை செய்கிற அத்தனை பேருக்கும் கால் வெடித்துப் புண்ணாகிக் கிடக்கும். அவர் வெள்ளை வேட்டியோடு சைக்கிளில் உட்கார்ந்தபடியே வரப்பு வரப்பாகப் போய் வேலை ஏவுவார். "என் காலு ஈரமாகி எவனாவது பாத்திருக்கீங்களாடா" என்பது அவர் அடிக்கடி கேட்கிற கேள்வி.

2004 வைகாசியில் மண்ணாங்கட்டியின் பெண்சாதி தையல்நாயகிக்கு எட்டாவது மாதம். கலியாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டான பிள்ளை. வீட்டிலிருந்து சேதி வந்தால் உடனே கிளம்பலாம் என்று அவன் சைக்கிளைக் கொட்டகையில் விடாமல் தன் பாத்திக்குப் பக்கத்து வரப்பிலேயே சாய்த்து வைத்தான். மேஸ்திரி வந்தார். வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று சீட்டில் இருந்தபடியே ஒரு உதை விட்டார். சைக்கிள் உப்பு முற்றிய கெட்டித் தண்ணீரில் போய் விழுந்தது. வேலை முடியும்வரை எடுக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் மண்ணாங்கட்டி அதை எடுத்து, எல்லாரும் கைகால் கழுவும் போர் குழாயில் கழுவினான். அளத்துக்காரர்கள் செய்கிற தப்பு அதுதான். பாத்தித் தண்ணீரில் நின்றவனுக்குப் போர் தண்ணீர் நல்ல தண்ணீர் மாதிரி இருக்கும். அதுவும் உப்புதான் என்று தோன்றாது. மூன்றாம் நாள் தையல்நாயகிக்கு வலி கண்டது. கேரியரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தான். பாதி வழியில் மிதி வெறுமனே சுற்றியது. பின்சக்கரத்து ஃப்ரீவீலுக்குள் உப்பு பூத்து, உள்ளே பிடிக்க வேண்டிய பல் பிடிக்கவில்லை. மிதி சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. மூன்று கிலோமீட்டர் அவளை உட்கார வைத்தபடியே வெயிலில் தள்ளிக்கொண்டு ஓடினான். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. அரைமணி முந்தி வந்திருந்தால் என்று அங்கே யாரோ சொன்னார்கள். அந்த அரைமணியை மண்ணாங்கட்டி மேஸ்திரியின் தலையில் கட்டினான். போர் குழாயைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை.

அடுத்த வருடம் ஆவணியில் ஆரோக்கியராஜின் சைக்கிள் கடைக்கு ஒரு பழைய பிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"மிதி சுத்துனா சக்கரம் சுத்தணும். மிதி நின்னா சக்கரம் நிக்கணும். மிதிய பின்னால சுத்துனா வண்டி பின்னால வரணும். அப்படி ஒண்ணு கட்டிக் குடுண்ணா."

"ஃப்ரீவீல் இல்லாமலா? எதுக்குப்பா இது?"

"இனிமே என் மிதி வெறுமனே சுத்தக்கூடாது."

துக்கத்தில் கேட்கிறான் என்றுதான் ஆரோக்கியராஜ் நினைத்தார். ஃப்ரீவீலின் உள்பக்கத்தை கேஸ் வெல்டிங்கில் பற்றவைத்து இறுக்கி மாட்டிக் கொடுத்தார். மண்ணாங்கட்டி கடை வாசலிலேயே ஏறி மிதியைப் பின்னால் அழுத்தினான். பல்சக்கரம் மரையிலிருந்து கழன்று, வண்டி அவனோடு சாய்ந்தது. அவன் தாடை கிழிந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "இது அவுந்துடுது. வேற என்ன வழி?" என்றான்.

வேறு வழி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு சேர்த்துப் பற்றவைப்பதுதான். அப்புறம் அதைப் பிரிக்கவே முடியாது என்று ஆரோக்கியராஜ் சொல்லிப் பார்த்தார். "பிரிக்க வேணாம்ணா" என்றான். குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன சாமான் விற்கிற இடத்தில் தேடி, முன்னால் மாட்ட ஒரு சின்னப் பல்சக்கரம் கொண்டுவந்தான். முன்னால் சின்னது, பின்னால் பெரியது. வண்டி வேகமாகப் போகாது, நத்தை மாதிரி போகும். ஹேண்டில்பாருக்கு அகலமான நேர்குழாய். மிதியில் கால் நழுவாமலிருக்க டியூபை வெட்டிப் பட்டி. பிரேக் வேண்டாம் என்றுவிட்டான்.

ஐப்பசியில் மழை பிடித்து அளம் மூடியதும், கோயில் மைதானத்தில் அந்த வண்டியை நிறுத்திப் பழகினான். மிதியை ஒரு விரற்கடை முன்னால், ஒரு விரற்கடை பின்னால். ஆரோக்கியராஜ் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவார். முதலில் மூன்று அருள்நிறை மரியே சொல்வதற்குள் விழுந்தவன், மார்கழியில் ஐம்பத்து மூன்று மணியும் முடிகிறவரை கால் ஊன்றாமல் நின்றான். பகைக்கு மாதாவின் மாலையை அளவுகோலாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

தை பிறந்து அளம் திறந்தது. ரோட்டிலிருந்து உப்புக் கொட்டகைவரை ஒரே வரப்பு, ஒரு சைக்கிள் போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் பாத்தி. ஏழு மணிக்கு மேஸ்திரி வரப்பில் ஏறும்போது, முன்னால் மண்ணாங்கட்டி போய்க்கொண்டிருந்தான்.

"டேய், ஓரமா போடா."

"ஓரத்துல தண்ணி இருக்குது மேஸ்திரி."

"வெரசா போயேன்டா."

"போய்க்கிட்டுதான இருக்கேன்."

மெதுவாகப் போவது தன்னுடைய வித்தை அல்லவா என்று மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. அவரும் நத்தையாகப் பின்னால் வந்தார். நடு வரப்பில் மண்ணாங்கட்டியின் வண்டி நின்றது. விழவில்லை, கால் ஊன்றவில்லை, அப்படியே நின்றது. மேஸ்திரியின் ஹேண்டில்பார் இப்படியும் அப்படியும் ஆடியது. கடைசியில் வலது கால் சளக்கென்று பாத்திக்குள் இறங்கியது.

பாத்தியில் நின்ற பாஞ்சாலை உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "வாங்க மேஸ்திரி. தண்ணி இதமா இருக்குதுங்களா?"

அன்றிலிருந்து தினம் இதே கதை. மேஸ்திரி சீக்கிரம் வந்தால் அவன் அதற்கும் முன்னதாக வருவான். இறங்கித் தள்ளிக்கொண்டு போக அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. முதலாளியிடம் போய்ச் சொல்லவும் முடியாது. முன்னால் போகிறவன் மெதுவாகப் போகிறான் என்று எட்டு வருடம் அண்டா வாங்கியவர் எப்படிச் சொல்வார்? மாசி முடிவதற்குள் அவர் கால்விரல் இடுக்கிலும் புண் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி ஆரோக்கியராஜின் கடைக்கு வந்தார். "அவனுக்குப் பண்ண மாதிரி எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடு."

"சாமான் இல்லீங்களே" என்றார் ஆரோக்கியராஜ். பூசை முடிந்து வந்த வாயால் சொன்ன பொய் அது. சாமான் பின்னால் பெட்டியில் இருந்தது.

"அவனுக்கு என் மேல என்னதான்யா கோவம்?"

"அவன் சைக்கிள தண்ணியில தள்ளிட்டீங்க இல்லீங்களா. அதுல இருந்துதான்."

மேஸ்திரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். வேஷம் போடவில்லை, உண்மையாகவே யோசித்தார். "எந்த சைக்கிளு?" என்றார்.

இதை மண்ணாங்கட்டியிடம் சொன்னால் மனம் விட்டுப்போகும், மறந்துபோனவன் மேல் என்ன பகை என்று ஆறிவிடுவான், என்று ஆரோக்கியராஜ் கணக்குப் போட்டார். போய்ச் சொன்னார். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த தையல்நாயகிதான் கேட்டாள்: "எந்த சைக்கிளுன்னா கேட்டாரு?"

மறுநாள் ஆரோக்கியராஜுக்கு மனசு சரியில்லை. கடையைத் திறக்காமல் அளத்துக்குப் போனார். மண்ணாங்கட்டி வரப்பில் ஏறியிருந்தான். கேரியரில் தையல்நாயகி, அவனுக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்த மேஸ்திரியின் முகத்துக்கு நேரே அவள் முகம்.

"ஏம்மா, உங்கூட்டுக்காரன போவச் சொல்லு."

அவள் கண்ணை எடுக்கவில்லை. வண்டி நின்றது. பாத்தி பாத்தியாகப் பலகைகள் நின்றன. அப்புறம் மண்ணாங்கட்டி மிதியைப் பின்னால் அழுத்தினான். ஒரு சாண், இரண்டு சாண். சைக்கிள் பின்னால் வருவதை மேஸ்திரி தன் ஆயுசில் பார்த்ததில்லை. அவளுடைய முகம் கிட்டே கிட்டே வந்தது. அவரும் பதறிப்போய் மிதியைப் பின்னால் சுற்றினார். அது வெறுமனே சுற்றியது. மறுபடி சுற்றினார். அதற்குள் சைக்கிளும் அவரும் வேட்டியோடு தண்ணீருக்குள் இருந்தார்கள்.

தையல்நாயகி இறங்கி வரப்பு ஓரத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"இனிமே மறக்காது" என்றாள்.

ஆரோக்கியராஜ் அப்போது சிரித்துவிட்டார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர. அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் பொய்யைச் சொன்னார், சிரிப்பையும் சொன்னார். பொய்க்குத்தான் வருத்தம் வந்தது. சிரிப்புக்கு வரவில்லை, அதையும் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் மேஸ்திரி சைக்கிளைத் தொடவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். ஆனியில் மண்ணாங்கட்டி குயிலாப்பாளையத்தில் தோட்ட வேலைக்குப் போவதென்று முடிவு பண்ணினான். மூட்டையைக் கட்டி, தையல்நாயகியைக் கேரியரில் வைத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றான். கால் ஊன்றாமல்தான்.

"அங்கெல்லாம் இறக்கமும் ஏத்தமுமா இருக்கும்பா. பிரேக் இல்லாம கஷ்டம். வேற சக்கரம் போட்டு ஃப்ரீவீல் மாட்டித் தர்றேன். அவருதான் விழுந்துட்டாரே, விட்டுடுப்பா."

மண்ணாங்கட்டி அந்தப் பக்கம் அளத்தைப் பார்த்தான். மிதி ஒரு விரற்கடை முன்னால், ஒரு விரற்கடை பின்னால் போனது.

"அந்தாளு என்னிக்காவது மறுபடி சைக்கிள் ஏறுனா, ஒரு சேதி சொல்லி அனுப்புண்ணா. எங்க இருந்தாலும் வந்துடறேன்."