கடிகாரத்தை முன்னே தள்ளிய வெள்ளிக்கிழமை

இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தடுமாறிவிடும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த வருடம். திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் சென்டரில் நான் புரோகிராமராக இருந்தேன். வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்த இடங்களையெல்லாம் தேடி நான்கு இலக்கமாக மாற்றுவது எங்கள் வேலை. அலுப்பூட்டும் வேலைதான். எனக்கு அது ஒத்துப்போனது. மாற்றிய ஒவ்வொரு வரியையும் தேதியோடு குறித்து வைத்தேன்.

அடுத்த மேஜையில் மார்க் பதிவு செய்யும் பிரிவின் சூப்பர்வைசர் அக்கா இருந்தாள். பாறசாலைக்காரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாட்களில் ஆபீஸ், இரண்டுக்கும் நடுவே ஒரே மகள். அந்த மகள் பி.எஸ்ஸி. கடைசி வருடத்தில் கணக்குத் தாள் ஒன்றில் மட்டும் தோற்றிருந்தாள். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்திருந்தாள். அதில் தேறினால் பி.எட். சேர்ந்துவிடலாம்.

சொந்தக்காரர் யாராவது பரீட்சை எழுதியிருந்தால் அந்த வகுப்பின் மார்க்குகளை நாங்கள் தொடக்கூடாது என்பது விதி. அக்கா எழுதிக் கொடுத்து விலகியும் இருந்தாள். ஆனால் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல பிள்ளே. தின்னு. தின்னுட்டு வாய மூடிக்கோ."

இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அதே மாதம்தான் புதிய கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. அவற்றை வைக்க ஸ்டோர் ரூமைக் காலி செய்தார்கள். மறுமதிப்பீடு முடிந்திருந்த விடைத்தாள் கட்டுகள் காகித மில் லாரியில் ஏறிப் போயின. திருத்தியவர்கள் மார்க் எழுதிக் கொடுத்த தாள்களைப் பின்வராந்தாவில் அடுக்கினார்கள். எல்லாம்தான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே என்ற தைரியம்.

ஓணத்துக்குச் சற்று முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ஒத்திகை வைத்தோம். மெஷினின் கடிகாரத்தை முன்னே தள்ளி, புது வருடம் பிறந்துவிட்டதாக அதை நம்பவைத்து, எங்கே உடைகிறது என்று பார்ப்பது. அதற்கு முன் இருப்பதையெல்லாம் டேப்பில் நகல் எடுத்துவிட வேண்டும். காலையிலேயே டேப் ஓடத் தொடங்கியது. அன்று அது வழக்கத்தைவிட மெதுவாக ஓடியது.

எங்கள் டைரக்டர் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். வேலையில் கெட்டிக்காரர், கண்டிப்பானவர். பத்து மணி தாண்டியதும் கைக்கடிகாரத்தையும் டேப்பையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினார்.

"பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும். அதுக்குள்ள ஆரம்பிச்சுடணும். ஆரம்பிச்சுட்டா அப்பறம் எத்தனை நாழி ஆனாலும் தோஷமில்லை."

"சாருக்க மெஷினுக்கு ராகுகாலம் தெரியுமா?" என்றாள் அக்கா.

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

எல்லோரும் சிரித்தோம். "டேப் இன்னும் முடியலை சார்" என்றேன்.

"மிச்சத்தை சாயங்காலம் எடுத்துக்கலாம். இப்ப நிறுத்து."

நிறுத்தினோம். எங்களில் யாருக்கும் அது விபரீதமாகப் படவில்லை. நல்ல நேரத்தில் தொடங்குவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

முதலில் டிசம்பர் முப்பத்தொன்று, நள்ளிரவுக்கு இரண்டு நிமிடம் முன்னால். காத்திருந்தோம். ஜனவரி ஒன்று சரியாகப் பிறந்தது. யாரோ கைதட்டினார்கள். பிறகு பிப்ரவரி இருபத்தெட்டு. இருபத்தொன்பதும் வந்தது. "லீப் வருஷத்தையும் தாண்டிடுத்து" என்று டைரக்டர் காபிக்குச் சொல்லி அனுப்பினார். கடைசியாக மார்ச் ஒன்று. அதுவும் பிறந்தது.

மாதம் பிறந்தவுடன் தானாக ஓடும் ஒரு சின்ன புரோகிராம் அதில் இருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர் டிஸ்க்கில் இடம் போதாத காலத்தில் எழுதி வைத்தது. ஆறு மாதத்துக்கு மேல் பழசான மறுமதிப்பீட்டு ஃபைல்களை அது அழிக்கும். அது தேதியில் தவறு எதுவும் செய்யாததால் எங்கள் தேடலில் அகப்படவில்லை. மெஷினைப் பொறுத்தவரை அப்போது மார்ச். ஜூலையில் ஏற்றிய மார்க்குகள் எல்லாம் பழசு. அழித்தது.

கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகுதான் தெரிந்தது. பாதியில் நின்ற டேப் அந்த ஃபைல்கள் வரை போயிருக்கவில்லை. முந்தைய டேப் மறுமதிப்பீட்டுக்கு முன்னால் எடுத்தது.

பின்வராந்தாத் தாள்களை வைத்து மறுபடியும் ஏற்ற ஆரம்பித்தோம். அடுக்கின் அடியில் இருந்த கட்டு மழைத்தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தது. அது கணக்குத் தாளின் கட்டு. அதைத் திருத்தியவரிடம் பிரதி இல்லை. ஆதாரம் இல்லாத இடத்தில் பழைய மார்க்கே நிற்கும் என்றது விதி.

அக்கா டைரக்டரின் அறைக்குப் போனபோது நானும் உள்ளே இருந்தேன்.

"எனக்க மவ பாஸாயிட்டா சார். நாப்பத்திரண்டு. நான் இந்தக் கண்ணால பாத்தேன்."

அவர் நிமிர்ந்தார். "நீங்க பாக்கப்படாதே."

"பாத்துட்டேன். அதை எழுதி மேல அனுப்பும் சார்."

"எழுதினா முதல்ல உங்களுக்குத்தான் மெமோ வரும். அம்மா சொன்னதை வெச்சுண்டு மகளுக்கு மார்க் போடவும் மாட்டா."

"வரட்டு. எனக்க வேல போனாலும் போட்டு. எழுதும்."

அவர் எழுதினார். நல்ல ஆங்கிலத்தில், நேர்மையாகவே. டேப் ஏன் பாதியில் நின்றது என்பதற்கு மட்டும் 'தொழில்நுட்பக் காரணம்' என்று இருந்தது. பதில் வந்தது. பழைய மார்க்கே நிற்கும். அக்காவின் இன்கிரிமென்டை நிறுத்தி, அவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். மறுபடி எழுதுகிறவர்களுக்கு ஃபீஸ் தள்ளுபடி.

மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா ஒரு முறை ஆபீஸுக்கு வந்தாள். திரும்ப எழுதச் சொல்லி நீயாவது புத்தி சொல்லு என்று என்னிடம் விட்டாள். என்னையும் அக்கா என்றே கூப்பிடும் அந்தப் பெண் உட்காரவில்லை.

"நான் பாஸாயிட்டேன் அக்கா. அம்ம பாத்திருக்கா. பாஸான பரீட்சைய எதுக்கு திரும்ப எழுதணும்? நீங்க தொலைச்சதுக்கு நான் எழுதணுமோ?"

அவள் எழுதவில்லை. அடுத்த வருடமும் எழுதவில்லை. பிறகு சிலபஸ் மாறிவிட்டது.

ஜனவரி முதல் தேதி எல்லா மெஷின்களும் சரியாக ஓடின. ஒரு பிழையும் இல்லை என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. டைரக்டர் அதை நோட்டீஸ் போர்டில் போடச் சொல்லவில்லை. மேஜை டிராயருக்குள் வைத்துக்கொண்டார்.

போன மாதம் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. மகளைப் பற்றிக் கேட்டேன். விழிஞ்ஞத்தில் துறைமுகக் காண்டிராக்டர் ஒருவரிடம் லாரிகளுக்கு கேட் பாஸ் எழுதுகிறாளாம். வேலை விண்ணப்பம் எதிலும் பி.எஸ்ஸி. தோல்வி என்று அவள் எழுதியதே இல்லையாம். பி.எஸ்ஸி. என்று மட்டும் எழுதுவாளாம். சர்ட்டிபிகேட் கேட்டால் எழுந்து வந்துவிடுவாளாம்.

"எல்லாம் அந்த ராகுகாலம்" என்றேன்.

அக்கா தலையசைத்தாள். "டேப்பு போனா போட்டு பிள்ளே. இத்தன பேருக்கு போச்சு, மத்த பிள்ளைகள் எல்லாம் திரும்ப எழுதி பாஸாயிட்டு போச்சு. நான் பாத்ததுதான். பாக்காம இருந்திருந்தா அவளும் எழுதியிருப்பா, இல்லியா?"

பாறசாலை பஸ் வந்தது. கூட்டம் இருந்தது. கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் ஏறினாள்.